உடையாத பலகை

தில்லி கரோல் பாகில் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருத்தர் இருந்தார். பேர் பூவராகவன். அவருக்கு ஸ்ரீமுஷ்ணம், எனக்கு விருத்தாசலத்துக்குக் கிழக்கே. சர்க்காரில் கட்டடப் படம் வரைகிற ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சம்சாரம் போன பிறகும் ஊருக்குத் திரும்பாமல் ஒரு சந்தில் கீழ் வீட்டில் தனியாக இருந்தார். நான் கலவை போட்டு, கம்பி வளைத்து, செங்கல் சுமந்து பிழைக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை முதுகு கொஞ்சம் நிமிர்ந்தால் அவர் வீட்டுக்குப் போவேன். நம்ம பக்கத்துப் பேச்சு கேட்கலாமே என்றுதான். அவரோ கட்டடத்தைப் பற்றித்தான் பேசுவார்.

யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் கூரையைப் பார்ப்பார். ஒயர் தொங்கினால் சொல்வார். ஸ்டவ்வுக்கு மேலே துணிக்கொடி கட்டியிருந்தால் சொல்வார். குளிருக்குப் பயந்து சமையலறை ஜன்னலை ஆணியடித்து மூடியிருந்தால் காப்பியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே சொல்லிக்கொண்டிருப்பார்.

"கட்டடச் சட்டம்னா முனிசிபாலிட்டிக்காரன் வந்து மிரட்டுறதுக்குன்னு நினைக்கிறீங்க. நீங்க தூங்கும்போது மேல விழக்கூடாதுன்னு போட்டதுய்யா அது."

தமிழ்க்காரர்களுக்கு அவர் ஒரு வேடிக்கை. தமிழ்ச் சங்கத்துச் செக்ரட்டரி கல்யாணராமன் அவர் தலையைக் கண்டாலே, "ஜன்னலையெல்லாம் தொறந்து வைங்கோ, பூவராகவன் வர்றார்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். அப்புறம் என்னிடம், "சிரிக்கிறான் பாரு கலியா. கேக்க மாட்டேங்கறான்" என்பார்.

அவர் வாசலுக்கு மேலே ஒரு சஜ்ஜா. நம்ம ஊரில் சன்ஷேடு என்கிறோமே, அதுதான். தில்லியில் பழைய வீடுகளில் மாடித் தளத்தோடு ஒட்டினாற்போல வெளியே நீட்டியிருக்கும். கீழ் வீட்டுக்கு அது நிழல். மாடி வீட்டுக்காரர்களுக்கோ, ஜன்னலைத் தாண்டிக் காலை வைத்தால் ஒரு சின்ன இடம் கிடைத்த மாதிரி இருக்கும். மாடியில் ராஜசேகரன் குடும்பம், மதுரைப் பக்கம். அவர் சம்சாரம் லீலாவதி சித்திரை வெயில் அடிக்க ஆரம்பித்ததும் வடாம் போடுவாள். மொட்டை மாடிச் சாவி வீட்டுக்கார லாலாவிடம். மதராசிகள் மாடியெல்லாம் மாவாக்குகிறார்கள் என்று கொடுக்க மாட்டான். அவள் என்ன செய்வாள், ஜன்னலில் வயிறு பதியக் குனிந்து, சஜ்ஜாவில் ஈர வேட்டியை விரித்து, கை எட்டுகிற மட்டும் பிழிந்துவிடுவாள். அந்தச் சந்தில் முக்கால்வாசித் தமிழ் வீடுகளில் இதே கதைதான். வெயில் காலத்தில் நிமிர்ந்து பார்த்தால் சஜ்ஜாவுக்குச் சஜ்ஜா வெள்ளை வேட்டியும் காக்காயை விரட்டக் கறுப்புக் குடையும் இருக்கும்.

பூவராகவனுக்கு இதுதான் வயிற்றில் நெருப்பு. "இன்னிக்குக் கையால எட்டிப் போடுறா. ஒரு நா இறங்கி நிப்பா" என்பார்.

ஒரு தடவை கீழேயிருந்தே அவளிடம் சொன்னார். "லீலா, அது மழைக்கும் வெயிலுக்கும் போட்டது. ஆள் நிக்கறதுக்குப் போட்டதில்ல."

"நான் எங்கே மாமா நின்னேன்? என் காலு வீட்டுக்குள்ள. கை மட்டும்தேன் வெளிய" என்றாள். "உங்க தலைல கூழு சொட்டுதுன்னு நேராச் சொல்லுங்களேன்."

"சொட்டத்தான் சொட்டுது."

"அப்ப ஒரு டப்பா வடாம் தந்துட்டாப் போச்சு."

தருவாள். ஒவ்வொரு வருஷமும் முதல் டப்பா இவருக்குத்தான் வரும்.

ஏஷியாட் விளையாட்டுக்கான கட்டட வேலையெல்லாம் ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம் அது. எங்கள் குடிசைப் பக்கம் நடந்த பெரியவங்க பள்ளிக்கூடத்தில் நான் அப்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். பூவராகவனுக்கு ஒரு யோசனை வந்தது. வாயால் சொன்னால் சிரிக்கிறார்கள், கண்ணால் காட்டிவிடலாம் என்றார். சஜ்ஜா மாதிரியே இரண்டு காங்கிரீட் பலகை வார்ப்பது. ஒன்றில் கம்பி மேல்பக்கம், ஒன்றில் கம்பி அடிப்பக்கம். இரண்டையும் ஒரு பக்கம் பாரம் வைத்து அழுத்தி, மறு பக்கம் வெளியே நீட்டி, செங்கல் அடுக்குவது.

"வெளிய நீட்டின பலகை தொங்கும்போது எந்தப் பக்கம் கிழியும் சொல்லு" என்று என்னைக் கேட்டார்.

"மேல்பக்கம்தானுங்க."

"அப்ப கம்பி அங்க இருக்கணும். கூரைக்குக் கம்பிய அடியில போட்டுப் பழகினவன் சஜ்ஜாவுக்கும் அடியில போட்டுடறான். சரியாப் போட்டாலும் கலவை கொட்டுறவன் மிதிச்சு அடிக்கு இறக்கிடறான். பூசினப்புறம் ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்."

அவர் வீட்டு முற்றத்தில் வார்த்தோம். ஈரச் சாக்குப் போட்டுக் காயவிடாமல் பார்த்துக்கொண்டோம். வேலை முடிந்து வரும்போது நான் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவேன். சங்கக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நேரம் கொடுத்தார்கள். நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'வீட்டுப் பாதுகாப்பு, நேரில் காணுங்கள், சிற்றுண்டி உண்டு.' நான் நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன்.

அன்றைக்குக் காலையில் இரண்டு பலகையையும் தள்ளுவண்டியில் ஏற்றினோம். வண்டி குட்டை. பலகையின் நுனி பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. "தீரே, பையா, தீரே" என்று வண்டிக்காரனை மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே பூவராகவன் கூட நடந்தார். திருப்பத்தில் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம். சக்கரம் இறங்கி ஏறியது. டப்பென்று ஒரு சத்தம். அடிக்கம்பிப் பலகை இரண்டாகத் தொங்கியது. ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. தன் பாரத்துக்கே போய்விட்டது.

அவர் எதைக் காட்ட நினைத்தாரோ அது அந்தத் திருப்பத்தில் நடந்து முடிந்தது. பார்த்தது நாங்களும் வண்டிக்காரனும்தான்.

"இன்னொண்ணு வார்த்து அப்புறமா வச்சுக்கலாங்களா?" என்றேன்.

"கல்யாணராமன் இன்னொரு ஞாயித்துக்கிழமை தருவானா? இதுக்கே எத்தனை நடை நடந்தேன். இட்லி சாப்பிட வந்த கூட்டமாவது கேக்கட்டும். இருக்கறதக் காட்டுவோம், இல்லாததைச் சொல்லிடறேன்."

உடைந்ததை அங்கேயே ஓரத்தில் இறக்கிப் போட்டோம். அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். இப்போது தோன்றுகிறது. அப்போது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உடைந்துபோன சாமானை யார் சபைக்குக் கொண்டுபோவார்கள்?

கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் லீலாவதி, பக்கத்தில் அவள் சிநேகிதி ராஜம். பூவராகவன் பேசினார். கம்பி, இழுவை, சட்டம் எல்லாம் சொன்னார். பின்னால் குழந்தைகள் இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் சாம்பார் வாசனை வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் செங்கல் அடுக்க ஆரம்பித்த பிறகுதான் கூட்டம் நிமிர்ந்தது.

ஒன்றாக வைத்தேன், இரண்டாக வைத்தேன். பலகை அசையவில்லை. யாரோ ஏலம் விடுகிற மாதிரி எண்ண ஆரம்பித்தார்கள். கொண்டுபோன செங்கல் தீர்ந்தது.

"செங்கல் எதுக்கு? கல்யாணராமன் சாரை ஏத்துங்க" என்று ஒரு குரல்.

கல்யாணராமன் நல்ல கனம். செங்கல்லை இறக்கச் சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பலகையின் நுனியில் ஏறி நின்றார். இரண்டு தடவை குதிகாலால் தட்டினார். அது நின்றது. கூடமே கைதட்டியது.

"அச்சா சீஸ் ஹை, நல்ல சாமான்" என்றார் கல்யாணராமன் மேலே நின்றபடி. "நம்ம பூவராகவன் போட்ட பலகைன்னா பலகைதான்."

பூவராகவன் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக அவரைக் கண்டு சிரித்தவர்கள் அன்றைக்குக் கைதட்டினார்கள். அவர் கைகூப்பினார். 'இன்னொரு பலகை இருந்தது, அது வழியிலேயே போச்சு' என்று ஆரம்பித்தார். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லியிருக்கலாம். அந்தக் கைதட்டலை உடனே கலைக்க மனசு வரவில்லை என்று பிற்பாடு அவரே சொன்னார்.

போகும்போது லீலாவதி, "மாமா, இத்தினி நாளு பயங்காட்டினீங்களே, ஆனை ஏறினாலும் தாங்கும் போலிருக்கே" என்று சொல்லிக்கொண்டு போனாள். அவர், "அது சரியாப் போட்டது, லீலா" என்றார். அவள் படியிறங்கிவிட்டாள்.

சித்திரை பிறந்தது. நான் இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில் செங்கல் ஏற்றிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறுகிற நேரம். பால்காரன் ஓடிவந்து, மதராசி வீட்டில் சஜ்ஜா விழுந்துவிட்டது என்றான்.

நான் போய்ச் சேர்ந்தபோது லீலாவதியை ஒரு கயிற்றுக் கட்டிலில் கிடத்தித் தூக்கியிருந்தார்கள். நினைவு இருந்தது. இடுப்புக்குக் கீழே அசைக்க முடியவில்லை. கையெல்லாம் கூழ். ராஜம் அழுதுகொண்டே சொன்னாள். "எப்பவும் ஜன்னல்லேர்ந்துதான் போடுவோம். இந்த வருஷம் நல்லா இறங்கி ஓரம் வரைக்கும் போடலாம்னா. அண்டாவையும் வெளியே வாங்கிண்டு சப்பணம் கொட்டி உக்காந்தா. நான் ஜன்னல்லே நின்னு அச்சை நீட்டினேன். அவ கையிலே வாங்கறதுக்குள்ளே போயிடுத்து."

பூவராகவன் காய்கறி வாங்கப் போயிருந்தவர் பையோடு வந்து நின்றார். அவர் வாசல் முழுக்கக் காங்கிரீட் துண்டு, வேட்டி, வெந்த மாவு. சுவரில் உடைந்த இடம் தெரிந்தது. துருப்பிடித்த கம்பி அடி ஓரத்தில்தான் பல்லிளித்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்புக்குக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். நடப்பாள், ஆனால் பழைய நடை வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூவராகவன் கட்டில் பக்கத்தில் நின்றார். எனக்கு அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று இருந்தது. அவள்தான் முதலில் பேசினாள். குரலில் கோபமே இல்லை.

"நீங்க காட்டினப்ப அது நின்னுச்சே மாமா."

ராஜசேகரன் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். வார்டு ஆயா வந்து நேரமாகிவிட்டது என்று எங்களை வெளியே அனுப்பினாள். பஸ்ஸில் வரும்போது, "நான் சும்மா இருந்திருந்தா அவ ஜன்னல்லேர்ந்தே போட்டிருப்பா கலியா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு அந்தச் சந்தில் வீடு வீடாக ஏறினார். "அன்னிக்கு நான் காட்டினது பாதிதான். மீதிப் பாதி வழியிலேயே ஒடைஞ்சு போச்சு. தயவுபண்ணி யாரும் சஜ்ஜாவில் கால் வைக்காதீங்க." ஒவ்வொரு படியிலும் இதையே சொன்னார். காப்பி கொடுத்தார்கள். "விடுங்க சார், அவ நேரம்" என்றார்கள். "அந்த லாலா கட்டினது மட்டம். எங்க வீட்டுக்காரர் நல்ல சாமான் போட்டுக் கட்டியிருக்கார்" என்றார் ஒருத்தர்.

வரிசைக் கடைசியில் காமாக்ஷி அம்மாள் வீடு. ஜன்னலுக்கு வெளியே வேட்டி விரித்து வடாம் காய்ந்துகொண்டிருந்தது. அவர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அந்த அம்மாள், "சரி, எங்காத்து சஜ்ஜாவிலே கம்பி மேலே இருக்கா, அடியிலே இருக்கா? பார்த்துச் சொல்லுங்கோ" என்றாள்.

"பார்த்தாத் தெரியாதும்மா."

"நீங்க இதிலேயே இருந்தவராச்சே."

"நான்னாலும் சரி, யார்னாலும் சரி. ஒடைச்சாத்தான் தெரியும்."

"அப்போ இந்தச் சந்திலே எது நிக்கும், எது விழும்னு உங்களுக்கே தெரியாது."

"தெரியாதும்மா. அதனாலதான் எதுலயும் நிக்காதீங்கங்கறேன்."



"அன்னிக்குக் கூடத்திலே இதை மட்டும் சொல்லியிருக்கப்படாதோ? செங்கல்லும் வேண்டாம், பலகையும் வேண்டாம். எனக்கே தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க பயந்திருப்போமே."

பூவராகவன் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஆமா" என்றார். "சொல்லியிருக்கலாம்."

காமாக்ஷி அம்மாள் உள்ளே போனாள். ஜன்னலுக்குள் நின்றபடியே வேட்டியின் முனையைப் பிடித்து இழுத்தாள். பாதி காய்ந்த வடாம் துணியோடு ஒட்டிக்கொண்டும் உடைந்துகொண்டும் உள்ளே வந்தது. ஜன்னல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

நான் அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றார். எதிர்வரிசை முழுக்கப் பாக்கி இருந்தது. இறங்கும்போது, இனி ஒவ்வொரு வீட்டிலும் என்ன சொல்வது என்று அவர் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குத் தெரியாது, நிக்காதீங்க. எனக்குத் தெரியாது, நிக்காதீங்க.