தார்ப்பாய்க்குள் எட்டுக் கோழிகள்

கமால் இறந்த பதினாறாம் நாள் மழை பிடித்தது. எங்கள் ஊர் பாலிக் புலாவில் அந்த மாதத்து மழை லேசில் விடாது. மலையிலிருந்து இறங்கும் காற்றில் துணி மூன்று நாளானாலும் காயாது. நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. கமாலின் அக்கா காமாரியா எனக்குத் துணையாக வந்து தங்கி, நான் கொல்லைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். கொல்லையை ஒட்டித்தான் ஆண்கள் டுரியான் பழத்தோட்டத்துக்குப் போகும் பாதை.

கமால் வளர்த்த எட்டுக் கோழிகளைக் குசினி ஜன்னல் கம்பி வழியாகத்தான் பார்த்தேன். சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. கோழி குளிரைத் தாங்குவது அப்படித்தான். அக்காவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. தார்ப்பாய் வாங்கிவந்து கூண்டை நாலு பக்கமும் கூரைவரை இறுக்கிக் கட்டினார்.

"மேல ஒரு கை அகலம் விடுங்கக்கா. அவர் விட்டுத்தான் வைப்பாரு. உள்ள இருக்கிற ஈரம் வெளிய போகணும்."

"மழ இப்படி அடிக்குது, விடச் சொல்றியா? நீ உள்ள இரு லா."

மருத்துவமனையிலும் அப்படித்தான். புழுங்குகிறது என்று கமால் போர்வையைத் தள்ளுவார். அக்கா கழுத்துவரை இழுத்துவிடுவார். இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, நான் வாயை மூடிக்கொண்டேன்.

தார்ப்பாய் கட்டிய மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு நவமணி ஜன்னலோரம் வந்தாள்.

"ஷரீஃபாக்கா, உங்க கோழிங்க எங்க வீட்டுக்காரர் மாதிரி கொறட்ட விடுதுங்க. அவராவது விடிஞ்சா நிறுத்திடுவாரு."

சிரித்துவிட்டேன். பிறகு காது கொடுத்துக் கேட்டேன். கர் கர் என்று மூச்சை இழுத்தன.

அக்காவிடம் சொன்னேன். "குளிருதான்," என்று மேலே ஒரு சாக்கையும் போட்டார். மறுநாள் காலை இரண்டு செத்துக் கிடந்தன. அழுதுகொண்டே அவற்றைத் தாளில் சுற்றினார்.

"நான் போய்ப் பாக்குறேன்க்கா. கொல்லையும் வீடுதானே. பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேளுங்க."

"வெள்ளிக்கிழம கேக்குறேன்."

அன்று செவ்வாய்.

அக்கா சாயங்கால அஸர் தொழுகைக்கு நின்றதும் தலையை மூடிக்கொண்டு, காய் வெட்டும் கத்தியோடு கொல்லைக்கு இறங்கினேன். கூண்டைத் திறந்ததும் எச்சத்தின் நெடி கண்ணைக் கரித்தது. தார்ப்பாயின் உட்புறம் வியர்த்து, தரையில் பரப்பிய மரத்தூளில் சொட்டிக்கொண்டிருந்தது. கூரைக்கடியில் நீளத்துக்கும் கிழித்தேன். ஈரத்தூளைக் கையால் அள்ளி வெளியே போட்டேன். பாதையில் போன மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாசற்படியில் அக்கா தொழுகை உடையோடு நின்றார்.

"ஆளுங்க பாக்குறாங்க."

"இன்னும் ஆறு இருக்குக்கா."

"என் தம்பி கோழிய நான்தான் கொன்னேங்கிறியா?"

"காஞ்ச மரத்தூள் மூட்ட ஒண்ணு குசினியில இருக்கு," என்றேன். அவர் எடுத்துத் தரவில்லை. கதவையும் சாத்தவில்லை. நான் முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

ஒன்று மறுநாள் செத்தது. ஐந்து பிழைத்தன. ஹஜ்ரத் என்ன சொன்னார் என்று அக்கா என்னிடம் சொல்லவே இல்லை. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அஸர் தொழுததும் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு, பாதையைப் பார்த்தபடி நிற்பார். நான் கூண்டுக்குப் போவேன். கால் மணி நேரம் போனதும், "போதும், உள்ள வா," என்பார்.

கையைக் கழுவிவிட்டு வருவேன். இத்தா முடிய இன்னும் நூறு நாளுக்கு மேல் இருந்தது.