மெயிலுக்கு அடியில் ஒரு பெயர்

அல்லி எழுதிய மெயில்களுக்கெல்லாம் அடியில் ஆறு வருடமாக சிவராமனுடைய பெயர்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்: "டாக்குமெண்ட் செக்‌ஷன் மெயில் எல்லாம் என் பேர்லதான் போவணும். பார்ட்டிங்களுக்கு அதுதான் மரியாதை." அவர் அலைமகள் ஷிப்பிங் கம்பெனியின் காரைக்கால் கிளை மேலாளர். நெடுங்காட்டில் அவர்கள் வீட்டு வயலில்தான் அல்லியின் அப்பா செல்லையன் நாற்றுக்கட்டு சுமந்தார். வேலை போட்டுக் கொடுத்தவர் என்பதால் அல்லி வாயைத் திறக்கவில்லை.

சிவராமன் எழுதமாட்டார். எழுத வராது என்று சொல்வதுதான் சரி. அவருடைய நிஜமான வேலை திருநள்ளாறு. சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து யார் வந்தாலும், அவர்களுடைய மாமியார் வந்தாலும், சித்தப்பா மகன் வந்தாலும், வரிசையில் நிற்கவிடாமல் சனீஸ்வரன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, எள் தீபம் ஏற்றவைத்து, மத்தியானச் சாப்பாடு போட்டு அனுப்புவார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் கோயிலில் இருக்கும் நேரத்தில் சரக்கு, கப்பல், கஸ்டம்ஸ் என்று எல்லா எழுத்து வேலையும் அல்லியின் தலையில்.

அவள் நன்றாக எழுதுவாள். கோபமாக வந்த வியாபாரியைக் கூட நாலு வரியில் தணித்துவிடுவாள். கொழும்பிலிருந்தும் கொச்சியிலிருந்தும் பாராட்டிப் பதில் வரும். 'அன்புள்ள திரு. சிவராமன்' என்றுதான் அது தொடங்கும். அதை அவர் பிரிண்ட் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

ஜனவரியில் ஆவணப் பிரிவுக்கு ஒரு மேலாளர் பதவி உண்டானது. அல்லி விண்ணப்பித்தாள். நேர்காணலுக்குச் சென்னையிலிருந்து இயக்குநர் சந்திரலேகா வந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் சிவராமன்.

"நீங்க எழுதின லெட்டர் ஏதாவது ஒண்ணு காட்டுங்க, அல்லி" என்றார் சந்திரலேகா.

அல்லி கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஆறு வருடத்து மெயில்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் சிவராமன், கிளை மேலாளர். "இதெல்லாம் நான் எழுதினதுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். ஒரு 'ஆமாம்' போதும். அவர் சிரித்தார்.

"அல்லி நல்லா டைப் பண்ணும் மேடம். நான் சொல்லச் சொல்ல அடிச்சிடும்."

பதவியை ஆறு மாதத்துக்கு சிவராமனே கூடுதலாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. அன்று சாயங்காலம் நெடுங்காடு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அழுகை வரவில்லை. இந்த மனுஷன் வாயாலேயே 'எனக்கு எழுத வராது' என்று சபையில் சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

சந்தர்ப்பத்தைச் சென்னையே அனுப்பி வைத்தது. எவனோ ஒருவன் கம்பெனி பெயரில் போலி மெயில் போட்டு ஒரு வாடிக்கையாளரை ஏமாற்றப் பார்த்திருக்கிறான். அதனால் இனி எல்லாக் கிளைகளிலும் மெயிலின் அடியில் வரும் கையொப்பம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அது தானாகவே சேர வேண்டும், அதற்கான விதிமுறையைக் கிளையே எழுதி அனுப்பலாம் என்று உத்தரவு வந்தது. சிவராமன் அதை அப்படியே அல்லியிடம் தள்ளிவிட்டார்.

அதுவரை அந்த ஆபீஸில் கையொப்பம் என்பது அவரவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை மாதிரி. கணக்குப் பிரிவு தெட்சிணாமூர்த்தி பெயருக்குப் பின்னால் நாலு பட்டமும், மேலே திருநள்ளாறு தர்ப்பாரண்யேஸ்வரர் கோபுரமும் வைத்திருந்தார். கஸ்டம்ஸ் வேலை பார்க்கும் நூகு, பச்சை மரம் ஒன்றைப் போட்டுக் 'காகிதம் காப்போம்' என்று எழுதியிருந்தார். ஆபீஸிலேயே அதிகம் பிரிண்ட் எடுப்பவர் அவர்தான். அல்லி எல்லாவற்றையும் வழித்து எறிந்தாள். நீல எழுத்தில் பெயர், பதவி, பிரிவு, நேரடி செல் நம்பர், கம்பெனி சின்னம், விலாசம். அவ்வளவுதான். தெட்சிணாமூர்த்தி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

"என் பேரை மட்டும் கொஞ்சம் பெரிசாப் போடக்கூடாதா?" என்று கேட்டார் சிவராமன்.

"எல்லாருக்கும் ஒரே அளவுதான் சார். சென்னை உத்தரவு."

விதிமுறையை ஒரே பக்கத்தில் ஏழு விதிகளாக எழுதினாள். நாலாவது விதி: எந்த மெயில் பெட்டிக்கு யார் பெயர் அடியில் வருகிறதோ அவரே அதற்குப் பதில் எழுத வேண்டும், பாஸ்வேர்டு அவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். ஆறாவது விதி: பெயர் மாற்றம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான், அதுவும் சென்னை சம்மதித்தால். ஏழு விதியும் நியாயமான விதிதான். நியாயமாகவே ஒரு ஆளைக் கவிழ்க்க முடியும் என்பதில் அல்லிக்கு ஒரு தனி சந்தோஷம் இருந்தது.

கீழே கார் நின்றது. இயக்குநர் ஒருவரின் சம்பந்தி வீட்டார் திருநள்ளாறு போகக் காத்திருந்தார்கள். அல்லி தாளோடு ஓடிப் போய் நீட்டினாள்.

"டாக்குமெண்ட் மெயில் பெட்டிக்கு அடியில யார் பேரு சார் போடணும்?"

"இதென்ன கேள்வி? என் பேருதான்."

"கொஞ்சம் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார்."

"நீ எழுதுனதுதானே" என்றபடி காரின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அல்லி விடவில்லை. "நாலாவதை மட்டுமாவது பாருங்க சார்." அவர் பேனாவை அவள் கையில் திணித்துவிட்டு ஏறிக் கதவைச் சாத்தினார். இரண்டு முறை சொல்லியாயிற்று. அதற்கு மேல் சொல்ல அவளுக்கும் ஆசையில்லை.

திங்கட்கிழமை காலை, சென்னையிலிருந்து ஒட்டி வந்த புதுப் பாஸ்வேர்டு கவரைப் பிரிக்காமல் சிவராமன் மேசையில் வைத்தாள். பத்து மணிக்கு அவர் செல் அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மெயிலின் அடியிலும் அவருடைய நம்பர் இருந்ததே. மத்தியானத்துக்குள் ஆள் வியர்த்துப் போனார்.

"என்னம்மா இது, இதையெல்லாம் நீதானே பாப்பே?"

"பாஸ்வேர்டு உங்ககிட்டதான் இருக்கணும்னு விதி சார். நான் தொட்டா சென்னைல தெரிஞ்சிடும்."

"பேரை மாத்திடேன்."

"மூணு மாசம் ஆவும் சார். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அடுத்த நாளிலிருந்து எல்லா மெயிலுக்கும் 'ஓகே, கன்ஃபர்ம்டு' என்று பதில் போட்டால் போதும் என்று சிவராமன் கண்டுபிடித்துக்கொண்டார். ஒரு வாரம் அதிலேயே ஓடியது.

இரண்டாவது வாரம், புதன்கிழமை மத்தியானம், ஆபீஸ் போன் அடித்தது. திருமலைராயன்பட்டினம் நெய்னா முகம்மது. கொழும்புக்கு வெங்காயம் அனுப்புகிறவர், பழைய வாடிக்கையாளர்.

"ஏம்மா, அச்சுக்கு முன்னால சரிபாக்கக் கப்பல் ரசீதோட மாதிரி வந்திருக்குல்ல, அதுல போன தடவை வாங்குன பார்ட்டி பேரே கிடக்கு. புதுப் பார்ட்டி பேரை மாத்தச் சொல்லிக் காலைலேயே மெயில் போட்டேன். சிவராமன் சார் போனை எடுக்க மாட்டேங்கிறாரு. நீ கொஞ்சம் பாரேம்மா."

மணி ஒன்றே கால். நாலு மணிக்குள் திருத்தாவிட்டால் ரசீது அந்தப் பெயரிலேயே அச்சாகிவிடும். புதுப் பார்ட்டியால் கொழும்பில் சரக்கை எடுக்க முடியாது. சரக்கை ஏற்றிப்போகும் கப்பல் கம்பெனிக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்தது. நம்பர் அல்லிக்கு மனப்பாடம். போட்டால், சிவராமன் இன்னொரு முறை தப்பிப்பார். அடியில் அவர் பெயரோடு நன்றிக் கடிதம் வரும், அது கண்ணாடிக்கு அடியில் போகும்.

"மெயிலுக்கு அடியில இருக்கிற நம்பருக்கே திரும்பப் போடுங்கய்யா. சார்தான் பாக்குறாரு" என்றாள்.

போனை வைத்தாள். பாவம் என்று தோன்றியது, அந்த மனிதர் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்தவரில்லை. ஆனாலும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். சிவராமன் அப்போது திருநள்ளாற்றில், நளதீர்த்தக் கரையில் விருந்தாளிகளின் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றரைக்குச் செல்லை எடுத்துப் பார்த்து, ரசீது மாதிரி சரியா என்று கேட்டிருந்த கப்பல் கம்பெனிக்கு 'ஓகே, கன்ஃபர்ம்டு' என்று அனுப்பினார். அடியில் பெயர், பதவி, நம்பர், சின்னம் எல்லாம் நீல எழுத்தில் அழகாகச் சேர்ந்துகொண்டன.

வெங்காயம் கொழும்புத் துறைமுகத்தில் பதினோரு நாள் கிடந்து முளைவிட்டு அழுகியது. நெய்னா முகம்மது சென்னைக்கே புகார் எழுதினார். சந்திரலேகா காரைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார், இந்த முறை திருநள்ளாறு போகாமல்.

"இந்த மெயிலை அனுப்பினது நீங்கதானே?"

"மேடம், அது வந்து..." சிவராமன் தொண்டையைச் செருமினார். அறையில் தெட்சிணாமூர்த்தி, நூகு, அல்லி எல்லாரும் நின்றிருந்தார்கள். "அல்லி வேணும்னே பண்ணிடிச்சு மேடம். ஆறு வருஷமா அதுதான் எழுதும். திடீர்னு என் தலையில கட்டிடிச்சு. எனக்கு இதெல்லாம் எழுத வராது மேடம்."

சந்திரலேகா கையிலிருந்த புகாரை மடித்து வைத்தார். "இதை ஜனவரில சொல்லியிருக்கலாமே, சிவராமன்."

பிறகு அல்லி பக்கம் திரும்பி, "ரசீதுல பேரு தப்பா இருக்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"அந்தப் பெட்டிக்குப் பாஸ்வேர்டு என்கிட்ட இல்லைங்க மேடம்" என்றாள் அல்லி. அது பொய்யில்லை. நெய்னா முகம்மதுவின் போனைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அல்லி ஆவணப் பிரிவு மேலாளர் ஆனாள். சிவராமனுக்கு 'விருந்தினர் உதவி அலுவலர்' என்று ஒரு பதவி கொடுத்தார்கள். அவருடைய புதுக் கையொப்பத்தை அல்லியே உட்கார்ந்து தயார் செய்தாள். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, ருசித்து அடித்தாள். எல்லாருக்கும் உள்ள அதே அளவு, அதே நீலம்.

முதல் வேலையாக நெய்னா முகம்மதுவுக்கு மன்னிப்புக் கடிதம். அரை நாள் உட்கார்ந்து எழுதினாள். நடந்த தவறை மறைக்காமல், நஷ்டத்துக்குக் கம்பெனி பொறுப்பு என்பதைச் சுற்றி வளைக்காமல், அந்த மனிதரின் மனசு ஆறும்படி எழுதினாள். அவளுக்கும் ஆற வேண்டியது இருந்தது. அடியில் தன் பெயர் சேர்ந்து போவதை இமைக்காமல் பார்த்தாள். ஆறு வருடத்தில் அவள் பெயரோடு போன முதல் கடிதம்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. சாந்தமாகவே எழுதியிருந்தார்.

'உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் போய்விட்டது. அப்படியே சிவராமன் சார் எழுதுகிற மாதிரியே இருக்கிறது. நல்ல எழுத்துக்காரர் அவர், ஏதோ போதாத நேரம். உங்களை நன்றாகப் பழக்கியிருக்கிறார். அவருக்கு என் சலாம் சொல்லவும்.'

அல்லி அதை மூன்று முறை படித்தாள். பதவி அவளுடையது, பெட்டி அவளுடையது, ஆறு வருடத்து எழுத்து மட்டும் இன்னும் அந்த ஆளுடையது. கொழும்பில், கொச்சியில், திருமலைராயன்பட்டினத்தில் எத்தனை பேர் இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ. அந்த வெங்காயம் அழுகியது இதற்குத்தானா என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சிவராமன் யாருக்கோ போனில் எள் தீபத்தின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் விசைப்பலகையை இழுத்தாள்.

'ஐயா, அவர் எனக்கு எதையும் பழக்கவில்லை. ஆறு வருடமாக உங்களுக்கு எழுதியது நான்தான். உங்கள் மகள் நிக்காஹுக்கு வந்த வாழ்த்தும் நான் எழுதியதுதான். உங்கள் விஷயத்தில் அவர் கைப்பட எழுதியது ஒன்றே ஒன்று, உங்கள் வெங்காயத்துக்கான அந்த இரண்டு வார்த்தை.'

நகல் போகவேண்டிய இடத்தில் சிவராமனின் பெயரைச் சேர்த்தாள். கொஞ்சம் யோசித்து, பழைய வாடிக்கையாளர்கள் நாற்பத்திரண்டு பேரின் முகவரிகளையும் சேர்த்துவிட்டு, அனுப்பு என்பதை அழுத்தினாள்.