மட்டை அறை வாசலில் ஒரு வரிசை

அந்தக் கல்லூரியின் நிதி அதிகாரிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கத்திரிக்கோல். எந்தச் செலவைக் காட்டினாலும் வெட்டிவிடுவார். இந்த வருடம் அவர் கண் பட்டது பால்வினை நோய்ப் பரிசோதனை அறையின்மேல். "ஈ காக்கா கூட எட்டிப் பாக்கறதில்ல. அதுக்கு எதுக்குத் தண்டச் செலவு?" என்று கூட்டத்தில் கேட்டார். 

எட்டிப் பார்க்காததில் அதிசயமும் இல்லை. முதல்வர் நல்ல மனசோடு தன் அறைக்குப் பக்கத்து அறையையே அதற்குக் கொடுத்திருந்தார். வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை வேறு! அந்தப் பக்கம் போனாலே பேர் கெட்டுவிடும் என்று பிள்ளைகள் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

மழையில் அந்த அறை ஒழுகத் தொடங்கியது. நர்ஸ் சாமான்களைத் தூக்கிக்கொண்டு, மைதானத்து ஓரத்தில் பந்தும் மட்டையும் வைக்கும் அறைக்குப் போய்விட்டார். பலகையைத் தூக்க ஆள் கிடைக்கவில்லை.

நேரிலேயே மூடச் சொல்லிவிடலாம் என்று ஒரு மதியம் கத்திரிக்கோல் அங்கே போனார். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. சுவரோரம் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் ஒருவரும் எழுந்து ஓடவும் இல்லை.

கடைசியில் இருந்த மாணவி அவரைக் கண்டதும் வெலவெலத்துப் போனாள். கட்டணத்துக்குத் தவணை கேட்கப் போய், போன வாரம்தான் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். பிறகு என்ன நினைத்தாளோ, நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க சார். முதல் தடவை பயமாத்தான் இருக்கும். சிஸ்டர் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டாங்க. நாங்களும் விட மாட்டோம்."

'நான் அதுக்கு வரலம்மா' என்பது தொண்டைவரை வந்து நின்றது. இத்தனை பயத்தை மடியில் கட்டிக்கொண்டு தானாக வந்து உட்கார எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அதிலும், தன்னைக் கண்டு நடுங்குகிற பெண் தனக்கே தைரியம் சொல்கிறாள். மலைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார்.

அவள் உள்ளே போய்வந்த பிறகு அவர் முறை. நர்ஸின் முகம் வாடியது. "மூடத்தானே சார் வந்தீங்க?"

அவர் சட்டைக் கையை மேலே மடித்தார்.

"வரிசையில வந்திருக்கேன் சிஸ்டர். எனக்கும் பாத்துடுங்க. அடுத்த வருஷத்துக்கு எவ்வளவு வேணும்னு அப்புறம் பேசிக்கலாம்."

ஊசி ஏறும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார். வெளியே வந்தால், தன் வேலை முடிந்தும் போகாமல் அந்தப் பெண் அவருக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.