வலை தொடாத ஆள்

நைனா எனக்கு விட்டுப் போனவை இரண்டு. ஒன்று, ஏரியில் எங்கள் பாடு. இன்னொன்று, எலும்பின் மேல் முளைக்கிற எலும்பு. வீடு, நகை என்று வேறு ஏதாவது விட்டிருக்கலாம். மனுஷனுக்கு இதுதான் கைவசம் இருந்தது.

பாடு என்றால் முறை. கோட்டைக்குப்பத்தில், ஏரியின் நல்ல இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்போம். பேர் உள்ளவன் தானே படகில் போக வேண்டும். மச்சானை அனுப்புகிறேன், கூலிக்கு ஆள் வைக்கிறேன் என்றால் நடக்காது. தொடர்ந்து வராவிட்டால் பாடே போய்விடும்.

எலும்புச் சங்கதி, முட்டி, தோள், மணிக்கட்டு என்று மூட்டு மூட்டாகக் கட்டிகள். லட்சத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருமாம், அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குமாம். சென்னை டாக்டர் சொன்னார். ஆள் வளர்ந்து முடிந்ததும் கட்டி வளர்வதும் நின்றுவிடும், வலிக்கு அந்தச் சட்டம் தெரியாது. நரம்பை அழுத்திய ஒன்றை அறுத்து எடுத்தார்கள். மற்றவை இருக்கின்றன. வலி எனக்கு வீட்டோடு மாப்பிள்ளை. போகவும் மாட்டான், ஒரு வேலைக்கும் ஆக மாட்டான்.

இந்த வருஷம் முட்டி மடங்கவே மறுத்தது. படகில் ஏறக் காலைத் தூக்கினால் உயிர் போய்த் திரும்பியது. ஏறினாலும் வலை இழுக்கத் தோள் கிடையாது. நான் இழுக்காத வலையில் எனக்கு எதற்குப் பங்கு? பாட்டை விட்டுவிடுவதென்று முடிவு செய்தேன்.

"வுட்டுட்டு இன்னா பண்ணப் போற? மானத்த கொழம்பு வெச்சித் துன்னப் போறியா?" என்றாள் என் மனைவி மாலா. கோபமாக வெளியே போனேன்.

கோயிலடியில் சீட்டுப் போட ஊர் கூடியிருந்தது. என் பேரை எடுத்துவிடுங்கள் என்றேன். ஊர்த் தலைவர் சிங்காரம் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஏன்டா, குந்துற எடம் காலியாத்தானே கீது?"

எங்கள் படகில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் வலையைத் தொடாமல் பின்பலகையில் உட்கார்ந்து அம்மனை வேண்டிக்கொண்டிருக்க வேண்டும். சாகும்வரை அது நைனாவின் இடம். நான் அப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வாட்ச்மேன், அவரோடு படகில் போனதில்லை. அவருக்குப் பிறகு அங்கே யாரும் உட்காரவில்லை.

"அதுக்கு அருள் இருக்கிற ஆள் வேணும். நைனாவுக்கு இருந்திச்சி" என்றேன்.

நைனாவோடு ஏரிக்குப் போன தேவேந்திரண்ணன் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஆள் மேல் டீ கொட்டியது.

"அருளா? அங்க குந்திகினு எங்க எல்லாரையும் திட்டிகினு இருப்பாருடா! கால மடக்க முடியல, தோள தூக்க முடியல. வரலன்னா பாடு பூடும். அதுக்கோசரம் நாங்களே உண்டாக்கின வழக்கம் அது. அம்மனுக்கே அப்பறமாத்தான் தெரியும்."

"நைனா நம்பினாரா?"

"அவரா? மொத நாளே கண்டுபுட்ச்சிட்டாரு. கரைக்கு வந்ததும் எல்லாருக்கும் டீ வாங்கிக் குட்த்தாரு. பையனாண்ட மட்டும் சொல்லாதீங்கன்னாரு."

முதலில் கோபம்தான் வந்தது. ஒரே ஒரு படகுக்கு மட்டும் எப்படி வழக்கம் வரும் என்று எனக்கு உறைத்ததே இல்லையே! பிறகு அந்தக் கோபத்துக்கு நிற்க இடமில்லை. நைனா தன் வலியோடு தனியாகக் கிடந்தார் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. "சீட்ட எடுங்கடா, பொழுது பூடுது" என்று சிங்காரம் அதட்டி என்னைக் காப்பாற்றினார்.

எங்கள் முறை வந்த காலையில் படகடிக்குப் போனேன். வலி எனக்கு முன்னே எழுந்து தயாராக இருந்தது. தேவேந்திரண்ணனும் அவர் வயதுக்காரர் ஒருவரும் என்னைத் தூக்க வந்தார்கள். ஆஸ்பத்திரியில்கூட, தூக்க வருகிறவர்களிடம் அங்கே தொடாதே, இங்கே பிடிக்காதே என்று கத்துவேன். இப்போதும் கத்தத் தயாரானேன்.

அண்ணனின் ஒரு கை தொடைக்கு அடியில் போனது, ஒரு கை முதுகின் நடுவில். மூட்டுப் பக்கமே போகவில்லை. மற்றவரும் அப்படியே. ஒரு கட்டியும் நசுங்காமல் என்னைப் பலகையில் இறக்கினார்கள். எங்கே பிடித்தால் வலிக்காது என்று நான் அவர்களிடம் சொன்னதே இல்லை. நைனாவைத் தூக்கிப் பழகிய கைகள் அவை.