பெரியப்பாவின் கையெழுத்து

பதிவுக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறைதான் எங்கள் மலையூர் பா தெராப்புக்கு வருவார்கள். ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி, ஊரே ஒரே கூரையின் கீழ் குடியிருக்கும் எங்கள் நீளவீட்டுக் கூடத்தில் மேசை போட்டு, அடையாள அட்டைக்கு எழுதிக்கொள்வார்கள். மலையில் மேகம் இறங்குவதற்குள் கிளம்பிவிடுவார்கள்.

எனக்கு அந்த அட்டை வேண்டியிருந்தது. ஆற்றின் கீழ்ப்பக்கத்து விடுதிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்குப் பெயர் அனுப்பும் நேரத்தில் தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். "அட்டை இல்லாம உன் பேர அனுப்ப முடியாதும்மா. பதினாறு வயசு வரைக்கும் உன் இடத்த வச்சிருக்கேன். அட்டையோட வா." எப்படியும் திரும்பப் போகிறவள்தானே என்று என் தகரப் பெட்டியை விடுதியிலேயே விட்டுவிட்டு வந்தேன். அப்போது எனக்குப் பதினான்கு.

அடுத்த வருடம் பதிவுக்காரர்கள் வந்தபோது அப்பா என்னை மேசைக்கு முன்னால் நிறுத்தினார். அதிகாரி சின்ன வயதுக்காரர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என் பிறப்புத் தாளையும் அப்பாவின் அட்டையையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு சுபாங்கோட அப்பா பேரு பரான் ராதுன்னு இருக்கு. உங்க அட்டையில ரிபுன்னு இருக்கு. யாரு இந்த பரான் ராது?"

"நான்தான்யா."

"அப்ப ரிபு?"

"அதுவும் நான்தான். இவ பொறந்ததும் பேரு மாத்திக்கிட்டேன். விருந்து வச்சு, எருமை வெட்டி, ஊரு முன்னாடி சொன்ன பேரு. பிள்ளை பொறந்த பிறகும் பழைய பேர வச்சிட்டிருந்தா சிரிப்பாங்கல்ல?"

"அட்டையில மாத்தலையே?"

அப்பாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. ஊரே கேட்ட பெயரை ஹெலிகாப்டரில் வருகிறவரிடம் தனியாக ஏன் சொல்ல வேண்டும்?

அதிகாரி என் அம்மாவைப் பார்த்தார். "நீங்க எல்லைக்கு அந்தப் பக்கமா?"

அம்மா தலையாட்டினாள். அவள் பிறந்த ஊர் இரண்டு நாள் நடை. நடுவில் எல்லை என்று ஒரு சிமெண்ட் கல் இருக்கிறது. எங்கள் ஊரில் காய்ச்சும் உப்பைச் சுமந்து போகும்போது அதன் மேல்தான் கூடையை இறக்கி வைத்து இளைப்பாறுவோம்.

"அம்மா அந்தப் பக்கம். அப்பான்னு எழுதின ஆளு கணக்குல இல்ல. இவளுக்கு நான் எப்படி அட்டை தர்றது?" என்று அதிகாரி தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்போது நீளவீட்டுத் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. அப்பாவை ஓரமாக இழுத்தார். "உங்க அண்ணன் அகானுக்குப் பேரே மாறலியேப்பா. அட்டையிலயும் அகான், ஊருலயும் அகான். புள்ளைய அவன் பேருல எழுதிட்டா என்ன?"

அகான் பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஐம்பத்திரண்டு வயதிலும் பால்குடியில் வைத்த பெயரோடுதான் திரிந்தார். விருந்துகளில் பொடிப் பையன்களின் வரிசையில் உட்காருவார். பெரியவர்கள் கதை பேசும்போது அவர்தான் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். "டேய் அகான்!" என்று அவரைவிட இருபது வயது சின்னவர்கள்கூட அதட்டுவார்கள். அவர்களெல்லாம் பிள்ளை பெற்றுப் பெயர் மாற்றிக்கொண்டவர்கள்.

அப்பா அண்ணனைப் பார்த்தார். பிறகு, "அவ படிக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு தாள்கள் எழுதினார்கள். ஒன்றில் பெரியப்பா, சுபாங் என் மகள் என்று பெருவிரல் வைத்தார். இன்னொன்றில் அப்பா சாட்சி. அதிகாரி வாசித்துக் காட்டினார்: "ரிபு ஆகிய எனக்குப் பிள்ளைகள் இல்லை. இந்தப் பெண் என் அண்ணன் மகள்." அப்பா விரலை மையில் தொட்டார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அட்டை அடுத்த முறை வரும்போது கிடைக்கும் என்றார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பத்து நாள் கழித்துப் பெரியப்பா வந்து உட்கார்ந்து கால் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. தாள்லயாவது எனக்கு இப்ப ஒரு பிள்ளை இருக்கு இல்ல?"

"இருக்கு."

"அப்ப பேரு?"

அப்பா சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "வச்சுக்க அண்ணே. எருமை நான் தர்றேன்."

அறுவடை முடிந்து விருந்து நடந்தது. பெண்கள் பெரியப்பாவை விடவில்லை. "ஏன் அகான், பொறக்கிறப்பவே பதினஞ்சு வயசாமே உன் பொண்ணுக்கு? துணி துவைக்கிற வேலையும் மிச்சம்!" என்றாள் ஒருத்தி. "நல்லா பாத்துக்க, அடுத்த வாரம் பேரன் வந்துடப் போறான், மறுபடியும் பேரு மாத்தணும்!" என்றாள் இன்னொருத்தி. பெரியப்பாவுக்குக் காது வரை சிவந்தது. தலைவர் எழுந்து புதுப் பெயரை அறிவித்தார்: பாலாங் லெமுலுன். எல்லோரும் மூன்று முறை உரக்கக் கூப்பிட்டார்கள். மூன்றாவது முறைதான் அவர் திரும்பிப் பார்த்தார். அப்பா தன் எருமையின் இறைச்சியை இலையில் வைத்து வரிசை வரிசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மறுநாளே பெரியப்பா என்னிடம் வந்தார். "அந்தப் பேர எழுதக் கத்துக் குடு, மகளே." மகளே என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. என் நோட்டின் கடைசிப் பக்கங்களைக் கிழித்துக் கொடுத்தேன். எருமை ஓட்டும் கை. பேனாவை அழுத்திப் பிடித்ததில் தாள் கிழிந்தது. நாலு மாதம் பிடித்தது. பிறகு பலகையிலும் படகிலும் உப்பு கட்டும் இலையிலும்கூட அந்தப் பெயர் இருந்தது.

எனக்குப் பதினாறு வயதான வருடம், மழைக்கு முன், ஹெலிகாப்டர் வந்தது. அதே அதிகாரி. என் அட்டையைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார். என் முகம், என் பெயர், கீழே அகானின் மகள் என்று இருந்தது. நான் தொடவில்லை. தொடுகிற தூரத்தில்தான் இருந்தது.

"அப்பா வந்து வாங்கிக்கணும். கையெழுத்தா, கைநாட்டா?" என்றார் அதிகாரி.

"கையெழுத்து!" என்றார் பெரியப்பா, கூடம் முழுக்கக் கேட்கும்படி.

பேனா தாளைத் தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் எழுத்தே அகானின் எழுத்து இல்லை. 'பெரியப்பா' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நிறுத்தியிருப்பார். பள்ளியிலும் நான் அப்படித்தான். விடை தெரிந்தாலும் கை தூக்க மாட்டேன். அவர் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதினார். எழுதி முடித்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதிகாரி தாளைத் திருப்பிப் பார்த்தார். "யாரு இந்த பாலாங் லெமுலுன்?"

"நான்தான்யா. இவளோட அப்பன்."

 தலைவர் முன்னால் வந்து, "அது விருந்துக்கு வச்ச பேருய்யா. கைநாட்டு வைக்கச் சொல்லிடலாம்" என்று கெஞ்சினார்.

"போன வருஷமே ரெண்டு அப்பா, இந்த வருஷம் மூணாவது அப்பாவா? கையெழுத்துப் போட்ட தாள நான் கிழிக்க முடியாது. மேல கேட்டு எழுதறேன்." அதிகாரி அட்டையைப் பைக்குள் போட்டார். மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது.

ஹெலிகாப்டர் சத்தம் அடங்கும்வரை பெரியப்பா மேசை முன்னாலேயே நின்றார். பிறகு அப்பாவிடம், "நான் என்ன தப்பா எழுதினேன்?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் எழுதின, அண்ணே" என்றார் அப்பா.

எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமா உப்பு வாங்க வந்தபோது, அங்கே எனக்கு அட்டை கிடைக்குமா என்று அம்மா அவரைக் கேட்டாள். "அங்க போய்க் கேக்கலாம். ஆனா மொதல்ல அப்பா பேரத்தான் கேப்பாங்க" என்றார் மாமா.

ஜனவரியில் பள்ளி திறந்தது. பிப்ரவரியில் படகுக்காரர் என் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். விடுதியில் என் கட்டில் இன்னொரு பெண்ணுக்கு வேண்டுமாம். சீருடையில் பூஞ்சை பிடித்திருந்தது. அம்மா அதைக் கிழித்து அடுப்புத் துணி ஆக்கிவிட்டு, ஈரம் படாது என்று பெட்டிக்குள் உப்பைக் கட்டி வைத்திருக்கிறாள்.

பெரியப்பாவை இப்போது ஊரில் மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள், பாலாங் லெமுலுன் என்று. அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.