எண் ஏறியது

"கழட்டாதடி! எறங்குது பாரு!"

மாஸ்க்கைத் தூக்கிய மனைவியின் விரல்களை விலக்கி, அவர் அதை மறுபடியும் அவள் வாய்மேல் பொருத்தினார். கண் மட்டும் தலைமாட்டுத் திரையை விட்டு அகலவில்லை. ஆயுள் முழுக்க லாரி ஓட்டியவர். மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தே பழகியவர். ஆஸ்பத்திரிக்கு வந்த மறுநாளே எந்தக் கோடு எதற்கு என்று நர்ஸைக் குடைந்து தெரிந்துகொண்டார்.

ஆக்சிஜன் எண் மெல்ல ஏறியது.

"பாத்தியா? சொன்னா கேக்கணும்" என்று அவர் குனிந்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள்.

கல்யாணமான புதிதில் அவளுக்கு டைபாய்டு. அவள் அம்மாவை அதே காய்ச்சல், மருந்து வருமுன்பே வாரிக்கொண்டு போயிருந்தது. வீட்டுக்கு வந்த டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நாக்கைப் பார்த்து, நாடி பிடித்து, "மனசுல என்னம்மா குறை?" என்று கேட்டார்.

"குறையே இவருதான், டாக்டர். வீடு தங்க மாட்டேங்கிறாரு."

டாக்டர் அவளுக்கு மாத்திரையும் இவருக்கு ஒரு வாரம் லீவும் எழுதிக் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க அவள் பேசினாள், இவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு வந்தது சர்க்கரை. "அந்தக் காலத்து வியாதி வந்தா ஒண்ணு அது போகும், இல்ல நாம போவோம். இது வாடகை குடுக்காமக் குடியிருக்குதுங்க" என்று சிரிப்பாள். இங்கே இருக்கும் டாக்டரையும் குறை சொல்ல முடியாது. எப்போதோ போயிருக்க வேண்டியவளை இத்தனை நாள் இழுத்துப் பிடித்து வைத்திருந்தார். வருவார், திரையைப் பார்ப்பார், தலையாட்டிவிட்டுப் போவார். இவரும் கூடவே தலையாட்டுவார்.

சாயங்காலம் கோடு நேராகிவிட்டது.

மகள் ஓடிவந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் கேட்டாள்: "அம்மா ஏதாவது சொன்னாங்களாப்பா?"

"சொல்ல வந்தா" என்றார்.

மகள் காத்திருந்தாள். அவர் பார்வை மாஸ்க்கின்மேல் நின்றது.

நர்ஸ் மாஸ்க்கை எடுத்தாள். திரையை அணைத்தாள். மனைவியின் வாய் சற்றே திறந்திருந்தது.

"தாடையைக் கட்டிடறேன் ஐயா. நேரமானா அப்புறம் மூட வராது" என்று நர்ஸ் துணிச்சுருளைப் பிரித்தாள்.

"கொஞ்சம் பொறும்மா."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மனைவியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.