படத்தில் காட்டிவிட்டு வெட்டவும்

"ஒரு டேப்லெட் வேணும்" என்று பார்லர் அக்கா காலையில் எழுந்ததும் சொன்னாள். லிஃப்ட் பழுது பார்க்கிற அவள் கணவர், பாவம், தலைவலி மாத்திரை அட்டையையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் கொண்டுவந்து நீட்டினார்.

"இது இல்லீங்க. பெருசா திரை இருக்குமே, அது. பார்லருக்கு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணமாகி இருபது வருடத்தில் மெஷின் விஷயமாக மனைவி அவரிடம் யோசனை கேட்பது இதுதான் முதல் தடவை. மாத்திரையை ஓரமாக வைத்தார், தண்ணீரை அவரே குடித்தார், உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்.

விஷயம் அவருடைய தங்கையைப் பற்றியது. நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறவள். நாற்பத்து மூன்று வயது வரைக்கும் கல்யாணப் பேச்சை எடுத்தாலே தண்ணீருக்குள் முங்கிவிடுவாள். இப்போது, நீச்சல் கற்க வந்த பல் டாக்டர் ஒருவரைத் தானே பார்த்து, தானே பேசி, தானே தேதியும் குறித்துவிட்டாள். அடுத்த வாரம் பதிவுத் திருமணம். அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. பார்லர் அக்காவுக்கு அந்த முடி என்றால் உயிர். வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் "என் நாத்தனார் முடியைப் பாக்கணுமே" என்று சொல்லாமல் அவள் சீப்பைத் தொட்டதில்லை.

அந்த நாத்தனார்தான் இரண்டு மாதமாக அவளோடு பேசவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை பார்லரில் கூட்டம், மூலையில் ட்ரையர் இரைச்சல். நாத்தனார் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்சம் வெட்டச் சொன்னாள். அக்கா நுனியில் இரண்டு விரற்கடை நறுக்கி, முதுகில் தட்டி, "போதும்டி" என்றாள். கண்ணாடியில் நாத்தனார் முகம் செத்துப்போயிற்று. எழுந்தாள், கல்லாவில் காசை வைத்தாள், போய்விட்டாள். சொந்த நாத்தனார் காசு கொடுத்துவிட்டுப் போவதைவிடப் பெரிய திட்டு உலகத்தில் உண்டா?

"ரெண்டு விரல் முடிக்கு ரெண்டு மாசமா?" என்று அக்கா சமையலறையில் பாத்திரங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கல்யாணத்துக்கு வேறு எவளாவது அந்தத் தலையைத் தொடுவாள் என்று நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியிருக்க நேற்றுத்தான் அண்ணனுக்குச் செய்தி வந்தது: "அண்ணியே என் முடியைப் பார்க்கட்டும். ஆனா முதல்ல படத்துல காட்டணும். அப்புறம்தான் கத்திரி."

"போன்ல காட்டினா பத்தாதா?" என்றார் கணவர்.

"உள்ளங்கை அளவு திரையில எதைக் காட்டுறது? இன்னொரு தடவை தப்பு நடந்தா அவ எனக்கு இல்லைங்க."

இதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டும்? மூன்று நாளில் லிஃப்டை மறந்து டேப்லெட்டில் குடியேறிவிட்டார். சாப்பிடும்போது பிராசஸர், குளிக்கப் போகும்போது ரேம், செருப்பு மாட்டும்போது ஹெர்ட்ஸ்.

"எட்டு கோர். பேய் மாதிரி ஓடும்."

"ஓடி எங்க போகப் போகுது? என் மேஜை மேல நின்னா போதும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் இருவரும் கடைக்குப் போனார்கள். விற்பனையாளர் நடுவயதுக்காரர். பளபளவென்று வழுக்கைத் தலை, கீழே அதற்கு ஈடுகட்டுவதுபோல் அடர்ந்த மீசை. அவரும் கணவரும் கண்ட மாத்திரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். நிட்ஸ் என்றார் ஒருவர், கிகாபைட் என்றார் மற்றவர். அக்கா ஐந்து நிமிடம் பொறுத்தாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அண்ணா, இதுல உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அக்காவின் குரலுக்கு யாரும் உட்கார்ந்துவிடுவார்கள், தொழில் அப்படி. கணவர் ஆசைப்பட்ட டேப்லெட்டை அவர் மடியில் வைத்து, அவள் பின்னால் போய் நின்றுகொண்டு தோளுக்கு மேலாகப் பார்த்தாள். திரை முழுக்கக் கூரை விளக்கும் அவளுடைய மூக்கும்தான் தெரிந்தன.

"என் மூக்கைப் பாக்கவா இத வாங்குறேன்?"

அடுத்தது விலை குறைந்தது. நேராகப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. அவள் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் படத்திலிருந்த பெண்ணின் கருமுடி நீலம் பூத்துவிட்டது. சாயம் போடுகிறவளிடம் இந்த வேலை செல்லுமா? பெரிய திரை உள்ள ஒன்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் விற்பனையாளரே பத்து நிமிடத்தில் தொடையை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் மடியில் கிடக்க வேண்டிய பொருள் அம்மிக்கல் கனம் கனக்கலாமா?

பிறகு அக்கா கைப்பையிலிருந்து தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்தாள். விற்பனையாளர் பாதி எழுந்துவிட்டார்.

"பயப்படாதீங்க, விரல்லதான் தெளிப்பேன். என் கை காஞ்சிருக்கிற நேரமே கிடையாது."

ஈர விரலுக்கு ஒன்று ஊமையாக இருந்தது. ஒன்று தொடாததையெல்லாம் திறந்தது. கடைசியாக, திரையில் வரைகிற பேனா. அக்கா விற்பனையாளரைப் படம் எடுத்தாள், வரையப் போனாள், நின்றாள்.

"மன்னிச்சுக்கோங்க அண்ணா, தலையில வேலை இல்ல. மீசையை எடுத்துக்கவா?"

ஒரு டேப்லெட்டில் கோடு பேனா முனையை விட்டு ஒரு நூல் தள்ளி விழுந்தது. திரைக்கும் மேல் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் அப்படி என்று விற்பனையாளர் விளக்கினார். "ஒரு நூல் தள்ளினா என் தொழில்ல காது போயிடும்" என்று அதையும் ஒதுக்கினாள். கடைசியாக எடுத்தது சுமாரான வேகம், மூக்கைக் காட்டாத மங்கல் பூச்சுத் திரை, கையடக்கமான கனம், பெட்டியோடு பேனா. பின்பக்கக் கேமராவும் தெளிவு. தங்களால் பார்க்க முடியாத பின்தலையைப் பார்க்கத்தானே பார்லருக்கு வருகிறார்கள்? அதில் கோடு முனையிலேயே விழுந்தது. அக்கா படத்தில் மீசையைச் சுத்தமாக அழித்துக் காட்டினாள். விற்பனையாளர் தன் புது முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல கேட்டுட்டு முடிவு பண்றேன்" என்றார்.

"இதுல கேம் விளையாட முடியாதும்மா" என்று கணவர் கடைசி முயற்சியாக முனகினார்.

"பார்லர்ல என்னங்க கேம்?"

மறுநாள் காலை நாத்தனார் வந்தாள். "வா" என்றாள் அக்கா. "ம்" என்றாள் அவள். கணவர் வாசலில் ஆடாத நாற்காலி ஒன்றைப் பழுது பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தார். அன்றைக்கு வேறு யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை, ட்ரையரின் பிளக்கையே பிடுங்கி வைத்திருந்தாள் அக்கா. பின்னலை அவிழ்த்துப் பரப்பி, பின்னாலிருந்து படம் எடுத்து, டேப்லெட்டை நாத்தனார் மடியில் வைத்துப் பேனாவைக் கொடுத்தாள்.

"எதுவரைக்கும் வெட்டலாம்னு நீயே கோடு போடு. அதுக்கு மேல ஒரு முடி தொட மாட்டேன். சத்தியம்."

நாத்தனார் பேனாவை இறுக்கிப் பிடித்தாள். பிறகு ஒரே இழுப்பு. கோடு கழுத்துக்கு விழுந்தது.

"வழுக்கிடுச்சு போல" என்று அக்கா அவசரமாக அழித்தாள். பேனாவை மனதுக்குள் திட்டினாள். கடையில் நன்றாக இருந்ததே என்று விற்பனையாளரையும் சேர்த்துத் திட்டினாள்.

நாத்தனார் மறுபடி போட்டாள், இந்தத் தடவை மெதுவாக. அதே இடம், காது மடலுக்கு ஒரு விரல் கீழே.

"வழுக்கல அண்ணி."

அக்கா அழிக்கப் போன விரலை இழுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கும் இதத்தான் சொன்னேன். கொஞ்சம் விட்டு வெட்டுங்கன்னு சொன்னேன்."

"கொஞ்சம் வெட்டுங்கன்னுதானடி..."

"விட்டு. கொஞ்சமா விட்டுட்டு மத்ததை வெட்டுங்கன்னு. இருபது வருஷமா ஒரு நாளைக்கு மூணு தடவை நனைச்சு, மூணு தடவை காய வெச்சு, தொப்பிக்குள்ள திணிச்சு, கழுத்து விட்டுப்போச்சு அண்ணி. சொல்லத் தைரியம் வரல. ஒரு நாள் வந்துச்சு. நீங்க ரெண்டு விரல் நறுக்கிட்டுப் போதும்டின்னு தட்டிக் கொடுத்தீங்க. இந்த வயசுல இவளுக்கு இது தேவையான்னு நினைச்சிட்டீங்கன்னு நினைச்சேன்."

வாசலில் சுத்தியல் சத்தம் நின்றுபோயிற்று. அக்கா அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ட்ரையர் இரைச்சல் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"காதுல விழுந்திருக்கும்டி. மனசு கேக்கல. அந்த முடி மேல எனக்கு அவ்வளவு ஆசை."

நாத்தனார் கண்ணாடியில் அவளை ஒரு நொடி பார்த்தாள். இரண்டு மாதத்து முகம் கலைந்து, பழைய முகம் வந்தது.

"ஆசையா இருந்தா நீங்களே வெச்சுக்கோங்க அண்ணி. என் கழுத்தை விட்டுடுங்க."

அக்கா சிரித்த சிரிப்பில் கணவர் சுத்தியலோடு உள்ளே ஓடிவந்தார். சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே முடியை இறுக்கிப் பின்னி, மேலும் கீழும் ரப்பர் போட்டாள். கோட்டைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், கத்திரியை வைத்தாள். பின்னல் கைக்கு வந்தது. வந்த கனத்தில் அவள் கை தாழ்ந்தது, நாத்தனார் தலை தானாகவே நிமிர்ந்தது.

"ஐயோ, காத்து வருது" என்றாள் நாத்தனார். பின்கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டாள். அழகாக இருந்தாள். அக்காவுக்கு அதில் கொஞ்சம் கோபம்கூட வந்தது, இவ்வளவு அழகை இருபது வருடம் நாமே மூடி வைத்திருந்தோமே என்று.

ஓரங்களைச் சரிசெய்ய அரைமணி போதும். ஆனால் நாத்தனார் பேச ஆரம்பித்துவிட்டாள். பல் டாக்டர் முதல் நாள் தண்ணீரைப் பார்த்து ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது, இறங்கச் சொன்னதற்கு "இங்கேயே நல்லாத்தான் இருக்கு" என்றது, மூன்றாம் வாரம் மிதந்துகொண்டே கல்யாணம் கேட்டது, கேட்ட கையோடு மூழ்கியது. மூழ்கியவரைத் தூக்கி வெளியே போடுவதற்குள் வெட்டு முடிந்துவிட்டது. அக்கா கத்திரியைக் கீழே வைக்காமல் காற்றிலேயே நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.